முதலில் நிறம், பிறகு உடல்

இரும்புக் காரில் நிறம் கடைசியாக வரும். தகட்டை வளைத்து, பற்றவைத்து, டிங்கர் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பெயின்டர் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பார். அச்சில் வார்க்கும் ஃபைபர் காரில் இந்த வரிசை தலைகீழ். அச்சுக்கு வேக்ஸ் தேய்த்து மினுக்கியதும் முதலில் உள்ளே போவது நிறம் கலந்த ஜெல்கோட் என்ற ரெசின் பூச்சு, அரை மில்லிமீட்டர் கனத்துக்கு. அது இறுகிப் பிசுபிசுப்பாக நிற்கும்போது அதன் முதுகில் கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசினில் நனைத்து, ரோலரை ஓட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார்கள். 450 ஜிஎஸ்எம் மேட் ஒரு அடுக்கு போட்டால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். அடுக்குகள் ஏறி, எல்லாம் இறுகி, அச்சிலிருந்து உரித்தெடுத்தால் வெளியே தெரிவது முதன்முதலில் உள்ளே போன அந்த நிறம்.

இந்த வரிசை புரிந்தால் ஃபைபர் காரின் பெயின்ட் சிக்கல்களில் பாதி புரிந்துவிடும்.

*

புரூஸ் மேயர்ஸை நினைத்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்காரர். ஃபைபரில் பாய்மரப் படகு செய்து பழகிய கை. அந்தப் படகு வித்தையை அப்படியே காருக்குக் கொண்டுவந்து 1964-ல் ‘மேயர்ஸ் மேங்க்ஸ்’ என்ற மணல் வண்டியை உருவாக்கினார். முதல் வண்டிக்குப் பெயர் ‘ஓல்டு ரெட்’. தொடக்கத்தில் செய்த 12 வண்டிகளில் ஃபைபர் உடலே சேஸிஸ் வேலையையும் பார்த்தது. அடுத்து வந்தவற்றில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தை 14¼ அங்குலம் வெட்டிக் குறுக்கி, அதன் மேல் ஃபைபர் உடலை உட்கார வைத்தார்கள். பழைய பீட்டில் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்ளலாம். நிறம் ஜெல்கோட்டிலேயே இருந்ததால் வாங்கியவர் பெயின்ட் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. பொழுதுபோக்குக்காகக் கார் கட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

1967-ல் மேயர்ஸ் ஓல்டு ரெட்டை எடுத்துக்கொண்டு மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸுக்கும் டிஹுவானாவுக்கும் இடையே 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார். அதுவரை அந்தத் தடத்தின் சாதனை மோட்டார் சைக்கிள்காரர்களிடம் இருந்தது.

அவரைச் சாய்த்ததும் ஃபைபரின் குணம்தான். ஒருவர் செய்த உடலை வாங்கி, அதற்கு வேக்ஸ் பூசி, மேலே ஃபைபர் போட்டு உரித்தால் அதுவே அடுத்தவருக்கு அச்சு. மேயர்ஸின் காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அவருடைய நிறுவனம் செய்த மேங்க்ஸ் சில ஆயிரம்தான். நகல்கள் அதைப் போலப் பல மடங்கு. 2021 பிப்ரவரியில், தமது 94-வது வயதில் மேயர்ஸ் காலமானார். நகல் எடுத்தவர்களுக்கு உருவம் கிடைத்தது. எங்கே கனம் வேண்டும், எங்கே வேண்டாம் என்ற கணக்கு கிடைக்கவில்லை. மெல்லிய நகல் உடல்களில் ஜெல்கோட் வெடித்து நிற்பதற்கு அதுவே காரணம்.

*

நம் கரையோரத்தில் ஃபைபர் வித்தை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏற்கெனவே வரத் தொடங்கியிருந்த ஃபைபர் படகுகள் 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கமெல்லாம் பெருகின. பாறையில் மோதிய படகைச் சரிசெய்து மறுபடி கடலுக்கு அனுப்புகிறவருக்கு எது ஒட்டும், எது ஒட்டாது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகட்டு வேலை மட்டும் பார்த்துப் பழகிய டிங்கர் ஃபைபரில் விரிசலைக் கண்டால் பட்டியை வைத்து அடைத்துத் தேய்த்துவிடுவார். சில மாதங்களில் விரிசல் அதே இடத்தில், அதே கோட்டில், புதுப் பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு வரும். படகுக்காரர் விரிசலின் இரு பக்கமும் சரிவாகத் தேய்த்து இறக்குவார். கனம் ஒரு பங்கு என்றால் சரிவு 12 பங்கு. மூன்று மில்லிமீட்டர் உடலுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர். உள்பக்கம் ஒரு தாங்கல் போட்டு, சரிவில் அடுக்கடுக்காக மேட்டை ஏற்றுவார்.

ஃபைபர் காரில் அடி பலமாக விழுந்திருந்தால், பெயின்ட் கடைக்கு முன்னால் படகுக்காரரைத் தேடுங்கள் என்பது என் தீர்ப்பு. கரூரில் பஸ்ஸுக்கு ஃபைபர் முகப்பு வார்க்கிறவர்களும் இந்த வகையில் நம்பத் தகுந்தவர்கள்.

*

ஃபைபர் வார்க்கத் தேவை ரெசின், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் என்று கடையில் தருவது எம்.இ.கே.பி. என்ற பெராக்ஸைடு. ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். கத்திரி வெயிலில் ரெசின் டப்பாவிலேயே கட்டியாகிவிடுகிறது என்று கேட்டலிஸ்ட்டைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் ஒருநாளும் முழுதாக இறுகாது. வெயில் காலத்தில் குறைக்க வேண்டியது கோபால்ட்டை. இல்லையென்றால் விடியற்காலையில் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். அரைகுறையாக இறுகிய உடலிலிருந்து, ரெசினில் உள்ள ஸ்டைரீனின் வாடை வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். அதன் மேல் அடித்த பெயின்ட் கொப்பளிக்கும். பழி பெயின்டர் தலையில் விழும்.

கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.

*

ஃபைபருக்கு எந்த நிறம் பொருந்தும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம், 1953-ன் செவர்லே கார்வெட். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் ஜூன் 30-ம் தேதி முதல் வண்டி வெளியே வந்தது. அந்த ஆண்டு செய்தவை 300. எல்லாம் ஃபைபர் உடல், எல்லாம் போலோ ஒயிட், உள்ளே சிவப்பு. அடுத்த ஆண்டுதான் நீலமும் சிவப்பும் கருப்பும் வந்தன.

வெள்ளை ஃபைபருக்கு இசைந்த நிறம். கருப்போ கரும்பச்சையோ அடித்த பேனலை வெயிலில் நிறுத்தினால் அதன் சூடு 70 டிகிரியை நெருங்கும். சாதாரண பாலியஸ்டர் ரெசின் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இளகத் தொடங்குகிறது. இறுகும்போது சுருங்காமல் மிச்சம் வைத்திருந்ததை எல்லாம் ரெசின் அப்போது சுருங்கித் தீர்க்கும். கண்ணாடிபோல் இருந்த மேற்பரப்பில் மேட்டின் இழைகள் ஒவ்வொன்றாக மேலெழுந்து தெரியும். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் கோடாகத் தெரியும். அதனால் ஃபைபர் உடலை வெறும் ப்ரைமரோடு சில வாரமாவது வெயிலில் போட்டு வைக்க வேண்டும். சுருங்குவதெல்லாம் சுருங்கட்டும். பிறகு மறுபடி தேய்த்து, பிறகு நிறம். அவசரக்காரர்கள் கருப்பைக் கேட்கக் கூடாது.

*

பழைய பெயின்ட்டை எடுக்க ரிமூவர் ஊற்றுவது இரும்புக்குச் சரி. ஃபைபரில் அது ரெசினையும் சேர்த்துக் கரைக்கப் பார்க்கும். மணல் வீச்சு ஜெல்கோட்டைத் துளைத்துவிடும். பிளேடால் பொறுமையாகச் சுரண்டுவதும் எமரி ஷீட்டும்தான் வழி. தேய்க்கும் தூசி தோலில் ஏறினால் நாளெல்லாம் அரிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும், ஆனால் ஜெல்கோட் போய் இழை வெளியே தெரியும் இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அங்கே உலர்ந்த தேய்ப்புதான் வேண்டும்.

*

உடல் சமதளமாக இருக்கிறதா என்று பார்க்க, ப்ரைமரின் மேல் கருப்பை லேசாகப் புகைபோலத் தூவி, நீளக் கட்டையில் எமரியைச் சுற்றித் தேய்ப்பார்கள். மேடு வெளுக்கும், பள்ளத்தில் கருப்பு நிற்கும். எனக்கு இந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். கட்டை ஒரே திசையில் போகாது. குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாகப் போகும். கையால் மட்டும் தேய்த்தால் விரல் போன போக்கில் புதுப் பள்ளம் விழும்.

நிறம் பொருந்துவதற்கும் இந்தச் சமதளத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரே டப்பாவிலிருந்து அடித்த பெயின்ட்கூட, கதவு ஒரு கோணத்திலும் ஃபெண்டர் இன்னொரு கோணத்திலும் நின்றால் இரண்டு நிறமாகத் தெரியும். வெளிச்சம் திரும்பும் இடம் மாறிவிடுகிறது. கையால் வார்த்த ஃபைபரில் இந்தக் கோண வித்தியாசம் சாதாரணம். கலர் மேட்ச் ஆகவில்லை என்று வரும் புகார்களில் ஒரு பகுதி உண்மையில் கதவுக் கீலில் தீர்க்க வேண்டியவை.

*

இனி டப்பாவில் கலக்கும் நிறம். காரில் ஒட்டியிருக்கும் பெயின்ட் கோடைச் சொன்னால் கடையில் கலந்து தருவார்கள். அது காரின் பிறந்த நாள் நிறம். பத்து வருட வெயில் பட்ட பிறகு கார் அந்த நிறத்தில் இல்லை. ஒரே கோடிலேயே, தயாரிப்பு நடந்த காலத்தைப் பொறுத்துச் சற்று மஞ்சள் தூக்கியது, சற்று நீலம் தூக்கியது என்று வேறுபாடுகள் இருக்கும். கையால் கட்டிய ஹாபி காருக்கோ கோடே கிடையாது. ஒளியை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு ஃபார்முலா கிடைக்கும். அங்கிருந்து கடைசி வரை கொண்டுசெல்வது பெயின்டரின் கண்.

ரவிக்கைத் துணி எடுக்கப் போகும் பெண்கள் சேலையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நல்ல பெயின்டர் செய்வதும் அதுதான். ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பெயின்ட்டுகள் வெயிலில் பிரிந்து போகும். ஒரே நிறத்தை இரண்டு வேறு நிறமிகளால் எட்டியிருந்தால் இது நடக்கும். சிவப்பில் அதிகம் நடக்கும். பழைய காலத்துச் சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயக் குரோமேட் வகை நிறமிகள் இருந்தன. நஞ்சு என்பதால் கார் பெயின்ட்டிலிருந்து அவை விலகிவிட்டன. இன்று அதே சிவப்பை வேறு நிறமிகளால்தான் நெருங்க முடியும். ஒரு வெளிச்சத்தில் பொருந்தினால் இன்னொன்றில் நழுவும். அதனால் காலை நிழல், நடுப்பகல், மாலை, தெருவிளக்கு என்று நான்கிலும் பார்த்துவிட்டு எதில் நன்றாக இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். சிவப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் களைத்துப்போய் எல்லாம் பொருந்துவதாகச் சொல்லும். நடுவே ஒரு சாம்பல் நிற அட்டையைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பொருத்துவதற்கு வெள்ளைதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரு லிட்டரில் ஒரு சொட்டுக் கருப்பு கூடினால் ஊருக்கே தெரியும்.

*

மெட்டாலிக் பெயின்ட்டில் உள்ள அலுமினியத் துகள் எப்படிப் படுக்கிறது என்பதே நிறம். கன்னைத் தள்ளிப் பிடித்துக் காற்றைக் கூட்டி அடித்தால் கோட் வறண்டு விழும், துகள் மேலாக நின்று நிறம் வெளுக்கும். நெருங்கி ஈரமாக அடித்தால் துகள் அடியில் அமிழ்ந்து நிறம் கறுக்கும். ஒரே டப்பா, ஒரே ஆள், இரண்டு நிறம். நேரே பார்க்கும்போது சரியாக இருந்தது, சாய்வாகப் பார்த்தால் கறுத்துப் போகலாம். மேட்ச் பார்க்கிறவர் காரின் முன்னால் நின்று பார்த்தால் போதாது, பம்பர் பக்கத்திலிருந்து குனிந்தும் பார்க்க வேண்டும்.

நிறத்தைத் துல்லியமாகப் பிடித்துவிட்டேன் என்று நம்பி ஒரு பேனலை மட்டும் அடித்து விளிம்பில் நிறுத்துகிறவர் தோற்பார். விவரம் தெரிந்தவர் புது நிறத்தைப் பக்கத்துப் பேனலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விட்டு, இரண்டு பேனலுக்கும் முழுக்க நிறமில்லாத க்ளியர் கோட் அடிப்பார். கண்ணுக்கு எல்லை தெரியாது.

ஃபைபர் மின்சாரம் கடத்தாது. துணியால் துடைக்கத் துடைக்க நிலைமின்னேற்றம் ஏறி, தூசி வந்து ஒட்டும். மெட்டாலிக் திட்டுத் திட்டாக விழுவதற்கும் அது ஒரு காரணம். அடிப்பதற்கு முன் ஆன்டி-ஸ்டாட்டிக் துடைப்பு வேண்டும்.

*

மறுபடி மேங்க்ஸ். அதில் சிலவற்றின் ஜெல்கோட்டில் மெட்டல் ஃப்ளேக் இருந்தது. கண்ணால் எண்ணக்கூடிய அளவுக்குப் பெரிய மினுக்குத் துகள்கள். அதில் ஒரு கையகல இடம் பெயர்ந்துவிட்டால் வரும் சோதனை இந்தத் தொழிலிலேயே பெரியது என்பேன். தேய்த்துச் சமன்படுத்த முடியாது. எமரி துகளின் தலையைச் சீவினால் மேலிருக்கும் சாயம் போய் வெள்ளி தெரியும். அதே அளவுத் துகளும் அதே நிறமும் கிடைத்தாலும் சிக்கல் தீராது. வார்க்கும்போது துகள் அச்சின் பளபளப்பான முகத்தை நோக்கிப் போய்ப் படுத்தது. பழுது பார்க்கும்போது உடலின் மேல் விழுந்து மேல்நோக்கி அடுக்குகிறது. மினுக்கம் வேறாகிவிடும். போதாததற்கு, காற்றுப் படும் பக்கம் ஜெல்கோட் இறுகாமல் பிசுபிசுக்கும். அச்சுக்குள் அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கு உதவிய அதே குணம் இங்கே பகை. மெழுகுக் கரைசல் கலந்தோ, மேலே ஒரு படலம் பூசியோ காற்றைத் தடுக்க வேண்டும்.

அசல் ஃப்ளேக் மங்கியிருந்தாலும் அதை அழித்துவிட்டு முழு வண்டிக்கும் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள் என்றுதான் மேங்க்ஸ் வைத்திருப்பவர்களிடம் சொல்வேன். சாதாரண ஜெல்கோட் என்றால் பயமில்லை. வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆனாலும், வாட்டர் பேப்பரால் மேல் படலத்தை எடுத்துவிட்டு காம்பவுண்ட் போட்டு மெருகேற்றினால் அடியில் புது நிறம் காத்திருக்கும். பேஸ் கோட்டும் க்ளியரும் சேர்ந்தே பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். ஜெல்கோட் அதைப் போல ஐந்து மடங்கு.

*

நம் நாட்டிலும் ஃபைபர் கார்கள் இருந்தன. பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த டால்ஃபின், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனைத் தழுவியது. 848 சிசி எஞ்சின். எடை குறைவு என்பதால் ராலிக்காரர்களுக்கும் சோழவரத்துப் பந்தயக்காரர்களுக்கும் பிடித்திருந்தது. 1990களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்ற திறந்த கூரை வண்டி, ரெனோ எஞ்சினோடு. கோவையில் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கட்டினார். நாராயண் கார்த்திகேயன் போன்றவர்கள் அதில் ஏறித்தான் மேலே போனார்கள். அந்த வண்டிகளைக் கட்டிய கைகளின் அறிவு எழுத்தில் பதிவாகவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இன்று எஞ்சியிருக்கும் டால்ஃபின்களுக்கு உதிரி பேனல் வாங்க முடியாது. ஆனால் உடையாத ஒரு டால்ஃபின் இருந்தால் அதிலிருந்து அச்சு எடுத்துவிடலாம். மேயர்ஸைக் கவிழ்த்த அதே குணம் இங்கே கைகொடுக்கும்.

*

சட்டம் பற்றி ஒரு வரி. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றத் தடை சொல்கின்றன. உடலைப் புதிதாக வார்க்கும் ஆசை இருந்தால் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

*

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இப்போதைய டூ-கே பெயின்ட்டில், அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. அது நுரையீரலில் ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால் பிறகு சிறு அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். பட்டறை முதலாளிகள் வெளிக் காற்று வரும் முகமூடி வாங்கித் தர வேண்டும். வண்டிக்காரர்களும் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம்.

*

வண்டியைப் பெயின்ட்டுக்கு விடப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. காரில் அடிப்பதற்கு முன் அதே கன்னில், அதே ஆள், அதே ப்ரைமரின் மேல் ஒரு அட்டையில் அடித்து, க்ளியரும் போட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு காரின் மேல் வைத்து வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத்தில் இருந்த நிறம் காய்ந்தால் மாறும், க்ளியர் ஏறினால் இன்னும் ஆழமாகும். அந்த அட்டைக்கு ஆகும் ஒரு நாளையும், நிறத்தைக் கரைக்கும் பக்கத்துப் பேனலுக்கு ஆகும் கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலை முடிந்ததும் அட்டையின் பின்னால் ஃபார்முலாவையும் தேதியையும் எழுதி வாங்கி, வெயில் படாத இடத்தில், ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.